துடிக்கும் நெஞ்சும் அடங்கிய மூளையும்

மூச்சு நின்றால் உயிர் நின்றது என்பது எம் முன்னோர் கண்ட அளவுகோல். குச்சவெளிக் கடலில் மூழ்கிய ஒருவனைக் கரைசேர்த்தால், மூக்கருகே கைவைத்து மூச்சையும், மணிக்கட்டிலே விரல்வைத்து நாடியையும் பார்ப்பதே இன்றும் நாம் முதலிற் செய்வது. ஆயின், செயற்கைச் சுவாசப் பொறி தோன்றியபின் இவ்வளவுகோல் எல்லாவிடத்தும் பொருந்துவதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவிலே மகன் கிடக்கின்றான். உடல் சூடாயிருக்கின்றது, நெஞ்சு ஏறி இறங்குகின்றது, நாடி துடிக்கின்றது. வைத்தியரோ, "இவர் இறந்துவிட்டார்" என்கின்றார். பெற்றோர் அதனை எங்ஙனம் நம்புவர்?

இதயம் தன் துடிப்பைத் தானே பிறப்பிப்பது. ஒட்சிசன் கிடைக்கும்வரை அது துடிக்கவல்லது. சுவாசமோ மூளைத்தண்டின் ஏவலால் நிகழ்வது. மூளை அழிந்த பின்னர் அவ்வேவலுக்குப் பதிலாகப் பொறியே நெஞ்சை அசைக்கின்றது. இந்நிலையை 1959இல் பிரான்சிய வைத்தியர் மொல்லாரே, கூலோன் ஆகிய இருவரும் விவரித்தனர். 1968இல் ஹார்வாட் பல்கலைக்கழகக் குழுவொன்று இதனை மரணமெனத் துணிதற்கு விதிகள் வகுத்தது. இலங்கையின் 1987ஆம் ஆண்டு 48ஆம் இலக்கச் சட்டமும், மூளையின் தொழில்கள் அனைத்தும் மீளாது ஒழிதலை மரணமென ஏற்கின்றது.

இதனை அறிதற்குப் படுக்கையருகே செய்யும் சோதனைகளே தலையாயவை. கண்மணி ஒளிக்குச் சுருங்குகின்றதா, தொண்டையைத் தீண்டினால் இருமல் எழுகின்றதா எனப் பார்ப்பர். பின்னர்ப் பொறியின் இயக்கத்தை நிறுத்தி, ஒட்சிசன் ஊட்டியவாறே, இரத்தத்திற் காபனீரொட்சைட்டு ஏறும்போது தானாக மூச்செழுகின்றதா என நோக்குவர். முகம் சிதைந்திருந்தாலோ, மயக்க மருந்து உடலில் எஞ்சியிருந்தாலோ, நுரையீரல் நலிந்திருந்தாலோ இச்சோதனைகள் முற்றுப்பெறா. அப்பொழுதே மூளையின் இரத்தவோட்டத்தைப் படம்பிடித்தல் துணைக்கு வருகின்றது.

மூளை உடல்நிறையில் நூற்றுக்கு 2 பங்கேயாயினும், நிமிடத்துக்கு ஏறத்தாழ 750 மில்லிலீற்றர் இரத்தத்தை வேண்டுவது. அடிபட்ட மூளை வீங்கும். மண்டையோடு விரிந்து இடங்கொடாது. ஆகவே உள்ளழுத்தம் ஏறி, நாடிகளின் அழுத்தத்தை எட்டிவிடும். வயலின் நீர்மட்டம் வாய்க்காலின் மட்டத்துக்கு உயர்ந்துவிட்டால், மடை திறந்திருந்தும் நீர் பாயாதன்றோ? அதுபோலவே இரத்தமும் மண்டையோட்டின் அடியிலேயே நின்றுவிடுகின்றது.

தெக்னீசியம் என்னும் கதிர்வீசும் மூலகம் கலந்த மருந்தை நாளத்திற் செலுத்தி, சிறப்புக் கமராவினாற் படம் எடுப்பது ஒரு முறை. 6 மணி நேரத்தில் அதன் கதிர்வீச்சுப் பாதியாகக் குறைந்துவிடும். உயிருள்ள மூளை படத்தில் ஒளிர்ந்து தோன்றும். மூளை இறந்திருப்பின், முகமும் உச்சந்தோலும் தெரிய, மண்டையோட்டின் உட்புறம் வெறுமையாய் இருண்டிருக்கும். ஆழ்ந்த கோமாவில் இருப்பவரின் மூளையிலோ இரத்தம் பாய்ந்துகொண்டேயிருக்கும். மயக்க மருந்தும் அவ்வோட்டத்தை முற்றாக நிறுத்துவதில்லை. இவ்வேறுபாடே படத்தின் பெறுமதி. எனினும் பச்சிளங் குழந்தைகளிடத்தும், மண்டையோடு திறக்கப்பட்டவரிடத்தும், மூளை இறந்தபின்னும் சிறிது ஓட்டம் எஞ்சுதல் கூடும். ஆதலின் படம் வைத்தியரின் சோதனைக்குச் சான்றேயன்றி, அதற்கு மாற்றன்று.

2008 செப்டெம்பரில், தமிழ்நாட்டுத் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்னும் 15 வயதுச் சிறுவன் மோட்டார்ச் சைக்கிள் விபத்தில் மூளைச்சாவுற்றான். வைத்தியர்களான பெற்றோர் அவன் உறுப்புகளை ஈந்தனர். அவனது இதயம் ஒரு சிறுமியை வாழ்வித்தது. கண்தானத்தால் உலகப் புகழ்பெற்ற நம் நாட்டிலும், 2017இல் கண்டி வைத்தியசாலையில் முதலாவது இதயமாற்றுச் சிகிச்சை நிகழ்ந்தது. கண்ணை இதயம் நின்றபின்னும் வழங்கலாம். துடிக்கும் இதயத்தை வழங்குதற்கு மூளைச்சாவு ஐயமின்றித் துணியப்படல் வேண்டும்.

தானம் செய்வதும் செய்யாதிருப்பதும் அவ்வக் குடும்பத்தின் விருப்பம். ஆயின், "பிழைக்கவிருந்த பிள்ளையை நாமே கைவிட்டோமோ?" என்னும் கேள்வி எந்தப் பெற்றோரையும் வாழ்நாளெல்லாம் வருத்தலாகாது. இருண்ட அப்படத்தை ஒருமுறை கண்டவர்க்கு, பிள்ளை முன்னரே போய்விட்டான் என்பது விளங்கும். கல்லூரியின் பழைய மாணவராகிய நாம், துயர் வருமுன்னரே நம் இல்லங்களில் இதனை எடுத்துரைப்போமாக.