மலைத்தேனும் கடல்பாசியும்

கோத்தகிரிக்குப் போய்த் திரும்புகிறவர்களின் பையில் தேயிலைத் தூளும் நீலகிரித் தைலமும் வர்க்கியும் கட்டாயம் இருக்கும். அந்த மலையின் மணத்தைக் குழந்தைகள் கேட்டு வாங்கிச் சாப்பிடும் ஜெல்லி மிட்டாயாகவும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். மூலிகைத் தேநீர், மலைத்தேன், கடல்பாசி மூன்றும்தான் முக்கியம்.

கடையில் கிடைக்கும் ஜெல்லி மிட்டாயின் பூர்வீகம் ஜெர்மனி. பான் நகரில் ஹான்ஸ் ரீகல் 1920-இல் தொடங்கிய ஹரிபோ நிறுவனம்தான் 1922-இல் கரடி உருவ மிட்டாயைக் கொண்டுவந்தது. இந்த வகை மிட்டாய்களுக்கு இழுவையைத் தருவது பெரும்பாலும் மாடு, பன்றியின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின். பல வீடுகளில் இதை வாங்கத் தயங்குவதும் அதனால்தான். நாம் மாற்றுத் தேடி அலைய வேண்டியதில்லை. நோன்பு மாதத்தில் இளநீர் விட்டுக் காய்ச்சி, வில்லை போடும் கடல்பாசி தமிழ் முஸ்லிம் வீடுகளின் பழைய பண்டம்.

மன்னார் வளைகுடாவில் பாம்பன் சின்னப்பாலம் போன்ற ஊர்ப் பெண்கள், பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து இந்தக் கடல்பாசி, அதாவது அகர், கிடைக்கிறது. தேனுக்கும் அதே அளவு உழைப்பு உண்டு. நீலகிரியின் செங்குத்துப் பாறைகளில் கயிற்றில் தொங்கிக் குறும்பர் பழங்குடியினர் தேன் எடுக்கிறார்கள். கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் அறக்கட்டளை 1993-இல் தொடங்கிய பணியே இந்தத் தேனைச் சுற்றித்தான். 2013-இல் பழங்குடியினரே பங்குதாரர்களாக ஆதிமலை உற்பத்தியாளர் நிறுவனம் உருவானது.

கொதியில்தான் சூட்சுமம்

அகர் நன்றாகக் கொதித்தால்தான் கரையும். மூலிகையோ கொதித்தால் மணத்தை ஆவியில் விட்டுவிடும். ஆகவே இரண்டையும் தனித்தனியே வையுங்கள்.

150 மில்லி தண்ணீரைக் கொதிக்கவிட்டு இறக்கி, நறுக்கிய எலுமிச்சைப் புல் இரண்டு தண்டு, ஒரு கைப்பிடி துளசி, தட்டிய இஞ்சி ஒரு துண்டு போட்டு மூடுங்கள். பத்து நிமிடம் ஊறட்டும். மூடியில் கோக்கும் நீரிலும் மணம் இருக்கும். அதையும் உள்ளேயே வழித்துவிடுங்கள்.

இன்னொரு பாத்திரத்தில் 150 மில்லி பச்சைத் தண்ணீரில் 6 கிராம் அகர் தூளை ஐந்து நிமிடம் ஊறவைத்து, 60 கிராம் சர்க்கரை சேர்த்துக் கிளறியபடியே காய்ச்சுங்கள். கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அகர் கரைய அது போதும் என்றாலும், மலையில் இருப்பவர்கள் இரண்டு நிமிடம் கூடுதலாகக் கொதிக்கவிடுவது நல்லது. கரண்டியைத் தூக்கிப் பார்த்தால் வழியும் கரைசலில் துளி மணிகூடத் தெரியக் கூடாது.

தேநீரைச் சூடு குறையும் முன்பே வடிகட்டி இதில் ஊற்றுங்கள். ஆறிய தேநீரை ஊற்றினால் அகர் திட்டுத் திட்டாக உறையும். 40 டிகிரிக்குக் கிட்டத்தட்ட இறங்கும்வரை அகர் உறையாது என்பது நமக்கு வரம். கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே இருக்கும்போது இரண்டு மேசைக்கரண்டித் தேன் கலந்தால் அதன் மணம் அப்படியே நிற்கும். எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி, கடைசியில்தான். புளிப்போடு சேர்த்துக் கொதித்தால் அகரின் பிடிப்பு தளர்ந்துவிடும்.

நெய் தடவிய தட்டில் ஊற்றினால் அரை மணியில் உறையும். ஜெலட்டின் போல இழுபடாது. கடித்தால் நறுக்கென்று உடையும். சவ்வு வேண்டுமென்றால் வில்லைகளை வலைத்தட்டில் பரப்பி ஒரு நாள் உலர்த்துங்கள். ஐப்பசி மழையில் மின்விசிறிதான் கதி. மிச்சத்தைக் குளிர்பெட்டியில் வைத்து நான்கு நாளில் தீர்த்துவிடுங்கள்.

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கலந்த எதுவும் கூடாது. சிறு பிள்ளைகளுக்கு மிகப் பொடியாக நறுக்கி, பக்கத்தில் இருந்து கொடுங்கள்.

பழைய பண்டமாற்று

தேனும் கிழங்கும் விற்றவர்கள் மீன் நெய்யும் நறவும் வாங்கிப் போனதைப் பொருநராற்றுப்படை சொல்கிறது. குறிஞ்சிக்கும் நெய்தலுக்கும் கொடுக்கல் வாங்கல் நமக்குப் புதிதல்ல. தேன் வாங்கும்போது எடுத்தவர்களுக்குக் கூலி சேரும் இடத்தில் வாங்குங்கள். அகர் வாங்கும்போது அது எந்தக் கடலின் பாசி என்று கேளுங்கள். நம் கரையின் பாசியைக் கேட்டு வாங்க ஆளிருந்தால்தான் மூச்சடக்கி மூழ்குகிறவர்களுக்கு உரிய விலை கிடைக்கும்.