பெயர் தொலைந்ததா, வரிசை மாறியதா?



சிராங்கூன் சாலைக் கோயிலொன்றில் பல ஆண்டுகளாக அர்ச்சனைக்குப் பதிந்துவரும் ஒருவரிடம், "உங்கள் பெயர் கணினியில் இல்லையே" என்றால் அவர் மனம் எவ்வளவு நோகும்! பெயர் அழியாமலே இப்படி நேரக்கூடும். அது எவ்வாறு என்பதைப் பார்ப்போம்.

நூலின் இறுதியில் சொல்லடைவு இருப்பதுபோல, கணினித் தரவுத்தளத்துக்கும் 'இன்டெக்ஸ்' எனும் அடைவு உண்டு. அகராதியில் சொல் தேடும் மாணவன் நடுப்பக்கத்தைத் திறப்பான். தேடும் சொல் முன்னா பின்னா என்று பார்த்து ஒரு பாதியை ஒதுக்கிவிடுவான். கணினியும் ஏறத்தாழ அப்படியே செய்கிறது. வரிசை விதி மாறாதவரை இம்முறை பொய்க்காது.

விதி மாறினால்? தமிழ் அகராதியில் 'பலா' முன்னும் 'பனி' பின்னும் வரும்; னகரம் பதினெட்டாம் மெய் அல்லவா? யூனிகோடு அட்டவணையிலோ நகரத்தை அடுத்தே னகரம் நிற்கிறது. அந்த எண்வரிசைப்படி அடுக்கினால் 'பனி' முந்திக்கொள்ளும். ஒரு விதிப்படி அடுக்கியதில் மற்றொரு விதிப்படி தேடினால், தவறான பாதியில்தான் தேடுவோம்.

இது உண்மையாகவே நடந்தது. லினக்ஸ் இயங்குதளத்தின் அடிப்படை நிரல்தொகுப்பான ஜிலிப்சியின் 2.28ஆம் பதிப்பு 2018 ஆகஸ்டில் வந்தபோது, வரிசை விதிகள் மாறின. ஆங்கில அமைப்பில் முன்பு '11' முதலிலும் '1-1' பின்னும் வந்தன. புதிய பதிப்பில் நேர்மாறு. நம் வீவக முகவரிகளில் மாடி எண்ணுக்கும் வீட்டு எண்ணுக்கும் இடையே வரும் சிறு கோடே குழப்பத்துக்குப் போதும்! பழைய விதிப்படி அடைவு அமைத்திருந்த போஸ்ட்கிரெஸ் தரவுத்தளங்களில், இருக்கும் பதிவு அகப்படாமல் போகவும், ஒரே பதிவு இருமுறை ஏறவும் வழி பிறந்தது.

கணினியைக் கவனிக்கும் தொண்டர்களுக்குச் சில சொற்கள். பெயர் அகப்படவில்லை என்றதும் புதிதாகப் பதிந்துவிடாதீர்கள். முதலில் முழுத் தரவையும் நகலெடுங்கள். தரவுத்தளத்தின் பதிப்பை மட்டுமன்றி, இயங்குதளத்தின் பதிப்பையும் முன்னிருந்ததோடு ஒப்பிடுங்கள். 'ஆம்செக்' கருவியால் அடைவைச் சோதியுங்கள். பிறகு 'ரீஇன்டெக்ஸ்' கட்டளையால் அதை மீண்டும் அமையுங்கள். ஒன்றே இருக்கவேண்டிய உறுப்பினர் எண் இரண்டு இடங்களில் இருந்தால் அப்பணி பாதியில் நிற்கும். எது மெய்ப்பதிவு என்று ஆராய்ந்து, மற்றதை நீக்கிய பின்னரே மறுபடி முயலவேண்டும்.

கணினியையோ மென்பொருளையோ மாற்றும் நாளிலேயே அடைவையும் புதுப்பித்துவிட்டால், கொடுத்தவர் பெயரை இல்லையென்று சொல்லும் பழி நம்மைச் சேராது.