அறையைக் கேட்பதற்கு முன் அடுப்பைக் கேளுங்கள்

மகனுக்கு முதல் மொட்டை போட அக்கா மகள் குடும்பத்தோடு திருத்தணிக்கு வந்திருந்தாள். மலையிலிருந்து இறங்கி, குழந்தையின் தலையில் சந்தனம் காய்ந்துகொண்டிருக்க, மாலை டீக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார்கள். பேச்சு அடுத்த மாத லீவுக்குப் போயிற்று. ஒரு கேளிக்கைப் பூங்கா, அதை ஒட்டி ஒரு சிக்கன ரிசார்ட், இரண்டு ராத்திரி. மாப்பிள்ளை செல்போனில் அறைப் படங்களைக் காட்டினார். வாடகை குறைவுதான். "அதெல்லாம் சரி மாமா, அங்க சாப்பாட்டுக்கு என்ன பண்றது? ரெண்டு சின்னது, மாமியாருக்கு சுகர்" என்றாள் அவள்.

என்னைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. இந்த ஊர் மெஸ் ஒன்றில் பதினெட்டு வருஷம் கல்லாவிலும் கணக்கிலும் இருந்தவன் நான். வெளியூரிலிருந்து வந்து பசியோடு நிற்கிற குடும்பத்தைத் தினமும் பார்த்தவன். அவர்களுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

அறையைப் பற்றிக் கேட்பதற்கு முன் அடுப்பைப் பற்றிக் கேளுங்கள். அந்தச் சமையலறை யாருக்காகச் சமைக்கிறது? ஊருக்காகச் சமைக்கிற அடுப்பு ஒன்று, வேறெங்கும் போக முடியாதவருக்காகச் சமைக்கிற அடுப்பு இன்னொன்று. முதலாவதில் சாம்பார் கெட்டால் நாளைக்கு ஊர்க்காரன் எதிர்க் கடைக்குப் போய்விடுவான். இரண்டாவதில் சாம்பார் எப்படி இருந்தாலும் நீங்கள் அங்கேதான் சாப்பிட்டாக வேண்டும். மறுபடி அடுத்த வருஷம்தான் வருவீர்கள். விலை, ருசி, அளவு எல்லாம் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து பிறக்கின்றன. பூங்கா ரிசார்ட்டுகள் பெரும்பாலும் நெடுஞ்சாலையில் ஊரைவிட்டுத் தள்ளி இருக்கும். கேட்டைத் தாண்டினால் ஒரு பெட்டிக்கடைகூட இராது. ஆகையால் முதல் கேள்வி, நடக்கிற தூரத்தில் வேறு அடுப்பு உண்டா என்பது. வரைபடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

அடுத்தது, வாடகையில் எது சேர்த்தி என்பது. ஓட்டல்காரர்கள் இதற்குச் சுருக்கெழுத்து வைத்திருக்கிறார்கள். ஈ.பி. என்றால் அறை மட்டும். சி.பி. என்றால் அறையும் காலை டிபனும். எம்.ஏ.பி. என்றால் அதோடு இன்னொரு வேளை, பெரும்பாலும் ராத்திரி. ஏ.பி. என்றால் மூன்று வேளையும். பூங்காவுக்குப் போகிறவர்களுக்கு சி.பி. போதும் என்பது என் அபிப்பிராயம். பகல் முழுதும் தண்ணீரில் ஊறிவிட்டு வருகிற பிள்ளைகள் ராத்திரி எட்டரை மணிக்குத் தட்டுமேலேயே தூங்கிவிழும். ராத்திரி பஃபேக்கு முன்கூட்டியே பணம் கட்டிவிட்டால் அது வீண். எத்தனை வயது வரை பிள்ளைகளுக்கு இலவசம், எத்தனை வயதுக்கு அரைக் கட்டணம் என்பதைப் பதிவு செய்யும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

"பஃபேன்னா நிறைய ஐட்டம் இருக்குமே மாமா?" என்றார் மாப்பிள்ளை. இருக்கும். ஆனால் பஃபே ஏன் வைக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அதில் சாப்பிடத் தெரியும். பூங்கா ஓட்டல் சனி ஞாயிறு நிரம்பி வழியும், செவ்வாய் புதன் காலியாகக் கிடக்கும். ஆளுக்கு ஆள் கேட்டதைச் செய்துகொடுக்க வேண்டுமானால் நிரந்தரமாகப் பத்து சமையல்காரர், பத்து சப்ளையர் வேண்டும். மொத்தமாகச் செய்து பாத்திரத்தில் வைத்துவிட்டால் பாதிப் பேர் போதும். கூட்டம் இல்லாத நாளில் பஃபேயே போட மாட்டார்கள், கேட்டுச் சாப்பிடும் முறைக்கு மாறிவிடுவார்கள். அன்றைக்கு உங்களுக்கு யோகம், சுடச்சுடக் கிடைக்கும். பஃபே உள்ள நாளில் திறந்த முதல் அரை மணிக்குள் போய்விடுங்கள். இட்லி முதல் ஈடாக இருக்கும். தோசைக்கல் முன்னால் வரிசை இருக்காது. மாமியாருக்குப் பொங்கலை விட்டுவிட்டு முட்டையும் சுண்டலும் எடுத்துக்கொள்ளலாம்.

இந்த ஈட்டுக் கணக்கு எனக்கு மெஸ்ஸில் படிந்தது. திருத்தணியில் மாவு ஆட்டுகிறவன் முதலில் பார்ப்பது தினசரிக் காலண்டரை. நாளைக்குக் கிருத்திகையா, சஷ்டியா, செவ்வாய்க்கிழமையா, முகூர்த்த நாளா? மலைமேல் கல்யாணம் வைத்தவர்கள் எல்லோரும் தாலி கட்டியதும் டிபனுக்கு இறங்குவார்கள். ஒரு தை மாதம், கிருத்திகையும் முகூர்த்தமும் ஒரே நாளில் வந்ததை நான் கவனிக்கத் தவறினேன். காலை எட்டேகாலுக்கு மாவு தீர்ந்துவிட்டது. கைக்குழந்தையோடு ஒரு அம்மா வாசலில் நின்று, "ரெண்டு இட்லி கூடவா இல்ல?" என்று கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. பக்கத்துக் கடையிலிருந்து பன்னும் பாலும் வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து ராத்திரி படுக்கப் போகுமுன் காலண்டரின் அடுத்த தாளைப் புரட்டிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ரிசார்ட் சமையலறையும் இப்படித்தான் பள்ளி விடுமுறையைப் பார்த்து அரிசி நனைக்கிறது. நீங்கள் போகும் நாள் நீண்ட வாரக்கடைசியா என்று பாருங்கள். அன்றைக்குப் பகல் ஒன்றரைக்கு மேல் எந்த அடுப்பிலும் சாம்பார் நீர்த்துத்தான் இருக்கும்.

இனி பில். இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். சாதாரண ஓட்டலில் சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் அறை வாடகை வாங்குகிற வளாகத்துக்குள் இருக்கும் ஓட்டலில் அது 18 சதவீதம். நீங்கள் போகிற இடம் சிக்கன ரகம், ஆகவே 5-தான் வர வேண்டும். சின்ன மெஸ்கள் பல, தொகுப்பு முறையில் வரி கட்டுகின்றன. அவர்கள் அந்த வரியைத் தங்கள் கைக்காசிலிருந்து கட்ட வேண்டுமே தவிர உங்களிடம் தனியாக வாங்கக் கூடாது; பலகையிலும் பில்லிலும் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சேவைக் கட்டணம் என்று ஒரு வரி தானாக வந்து உட்கார்ந்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அதைத் தடுத்து வழிகாட்டுதல் போட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மனமுவந்து டிப்ஸ் கொடுப்பது வேறு, அதை மேஜை துடைக்கிற பையன் கையிலேயே கொடுங்கள்.

தண்ணீர் பாட்டில் விஷயத்தில் பலர் சண்டை போட்டுத் தோற்கிறார்கள். கடையில் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினால் தவறு. ஆனால் ஓட்டலில் மேஜை போட்டு, பரிமாறி, உட்கார இடம் கொடுத்து விற்கும்போது அது வெறும் சரக்கு விற்பனை அல்ல, அச்சிட்ட விலைக்கு மேலும் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொல்லிவிட்டது. ஆகவே பாட்டில் கேட்காதீர்கள், "சாதா தண்ணி" என்று கேளுங்கள். குடிநீர் எங்கே பிடிக்கலாம் என்று வரவேற்பு மேஜையில் முதலிலேயே விசாரித்து, வீட்டிலிருந்து கொண்டுபோன பாட்டிலில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

"புளிசாதம் கட்டிக்கிட்டுப் போனா விடுவாங்களா மாமா?" என்றாள் அவள். நம் நாட்டுப் பெரிய பூங்காக்களில் பெரும்பாலும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். இது எனக்கு வருத்தம் தருகிற வழக்கம். அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் இருக்கிற டிஸ்னி உலகத்துக்குள் வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரம், மது போன்ற சிலதான் கூடாது. அங்கே 1994-ல் ஆல் ஸ்டார் என்ற பெயரில் சிக்கன விடுதிகளைத் திறக்கத் தொடங்கினார்கள். அவற்றில் உட்கார்ந்து பரிமாறச் சொல்லும் உணவகமே கிடையாது. ஒரு பெரிய கூடத்தில் பல கவுண்டர்கள், தட்டை எடுத்துக்கொண்டு நாமே போய் வாங்க வேண்டும். ஒரு குவளையை விலைக்கு வாங்கிவிட்டால் தங்கும் நாள் முழுக்க விடுதியில் பானத்தை நிரப்பிக்கொள்ளலாம். பரிமாறும் ஆளைக் குறைத்துச் சிக்கனம் செய்தார்களே ஒழிய, விருந்தாளியின் கைச்சோற்றைப் பிடுங்கவில்லை. இங்கே கைக்குழந்தைக்கான உணவையும் மருத்துவச் சீட்டு உள்ளவர்களின் உணவையும் அனுமதிக்கிற பூங்காக்கள் உண்டு. மாமியாரின் சர்க்கரை மருந்துச் சீட்டைக் கையில் வைத்திருங்கள், வாசலில் அமைதியாக எடுத்துக் காட்டுங்கள்.

இரண்டாவது டீ வந்தது. மாப்பிள்ளை கேட்டார்: "இங்க மலைமேலயும் போக்கிடம் கிடையாதே மாமா, அப்போ இங்கயும் அதே கதைதானே?"

நல்ல கேள்வி. முந்நூற்று அறுபத்தைந்து படி ஏறி மேலே போனவன் பசித்தால் எங்கே போவான்? வியாபாரக் கண்ணுக்கு அது பொன்னான இடம். ஆனால் இந்த மலையில் பசி விலைக்குப் போவதில்லை. கோயில்களில் மதிய அன்னதானத் திட்டம் 2002-ல் வந்தது. 2021 செப்டம்பர் 16-லிருந்து திருத்தணியில் நாள் முழுவதும் அன்னதானம், காலை 8 முதல் இரவு 10 வரை. சமயபுரத்திலும் திருச்செந்தூரிலும் அதே நாளில்தான் தொடங்கியது. செலவு பக்தர்கள் கொடுக்கிற காணிக்கையில் நடக்கிறது. பிள்ளை பிறந்த நாளுக்கு, அப்பாவின் திதிக்கு என்று ஒரு நாள் சோற்றை ஏற்றுக்கொள்கிறார்கள். பந்தியில் உங்கள் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. காரில் வந்தவரும் நடந்து வந்தவரும் ஒரே ரசத்தைத்தான் குடிக்கிறார்கள்.

இதனால் அடிவாரத்து மெஸ்களுக்கும் ஒரு கடிவாளம் கிடைத்தது. மேலே சோறு சும்மா கிடைக்கும்போது கீழே சாப்பாட்டுக்கு யானை விலை சொல்ல முடியாது. கல்லாவில் உட்கார்ந்து நான் நேரில் பார்த்தது இது. விலையை ஏற்றி ஜெயிக்க முடியாது, கைப்பக்குவத்தில்தான் ஜெயிக்க வேண்டும். வத்தக்குழம்பு, கூட்டு, பருப்புப்பொடியில் நெய், ஆந்திரா பக்கத்துக் காரத்தில் ஒரு கோங்குராத் துவையல். இந்த ஊர் 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திராவில் இருந்தது, ம.பொ.சி. போன்றவர்கள் போராடி, எல்லை திருத்தப்பட்ட பிறகுதான் தமிழ்நாட்டுக்கு வந்தது. எல்லை நகர்ந்தாலும் நாக்கு நகரவில்லை. நகரி, புத்தூர் பக்கத்திலிருந்து வருகிறவர் "பப்பு" என்று கேட்டாலும் சென்னைக்காரர் "பருப்பு" என்று கேட்டாலும் சப்ளையர் ஒரே வாளியைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்.

டிசம்பர் 31 இரவில் வந்து பாருங்கள். ஆங்கிலப் புத்தாண்டன்று வெள்ளைக்கார துரைகளின் வாசலில் போய் நிற்பதற்குப் பதில் தணிகை துரையான முருகனிடம் வாருங்கள் என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்தது அந்தப் படித் திருவிழா. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள், குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுவார்கள். அன்று ராத்திரி இந்த ஊரில் எந்த அடுப்பும் அணையாது.

சாப்பாட்டுப் பேச்சில் இதை விடக் கூடாது: முத்துசுவாமி தீட்சிதர் இந்த மலையில் தியானத்தில் இருந்தபோது ஒரு முதியவர் வந்து வாயைத் திறக்கச் சொல்லி ஒரு கற்கண்டை இட்டாராம். வந்தது முருகன் என்று உணர்ந்து அவர் பாடிய முதல் கிருதி ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’ என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. இந்த மலையில் விருந்தாளிக்குக் கிடைத்த முதல் பண்டம் என்று நான் அதைத்தான் நினைத்துக்கொள்வேன்.

ஆகையால் உங்கள் பயணத்துக்கு நான் சொல்வது இது. போகிற அன்று காலை இங்கே வந்து முதல் ஈட்டு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். சி.பி. அறை எடுங்கள். பூங்காவுக்குள் பகலில் ஒரே ஒரு வேளை, பன்னிரண்டு மணிக்குள். ராத்திரிக்கு ரிசார்ட்டில் தயிர்சாதம் தனியாகச் செய்து தருவார்களா என்று போனிலேயே கேளுங்கள்; பட்டியலில் இல்லாவிட்டாலும் குழந்தைக்கு என்று சொன்னால் செய்யாத சமையல்காரரை நான் பார்த்ததில்லை.

மாப்பிள்ளை அங்கேயே போன் போட்டார். மறுமுனையில் ஒரு பெண் குரல், சமையலறையில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிக் காத்திருக்க வைத்தது. இரண்டு நிமிஷம் கழித்து, "குழந்தைக்குக் காரம் இல்லாம ரசம் சாதமும் வேணுமான்னு மாஸ்டர் கேக்குறார் சார்" என்றது. அக்கா மகள் எட்டி, "வேணும்னு சொல்லுங்க" என்றாள்.