பல்பு மீது பழி போடாதீர்கள்!

இரவு நேரம். பழைய புல்லட் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வருகிறார். பின்னால் மனைவி. எதிரே ஒரு லாரி. விளக்கைத் தாழ்த்துவதற்காகக் கைப்பிடியில் உள்ள 'டிம்' சுவிட்சைத் தள்ளுகிறார். விளக்கு தாழவில்லை. அணைந்தே போய்விட்டது! கண் முன்னே ஒரே இருட்டு.

இப்படி நடந்தால் பலர் மறுநாளே புது பல்பு வாங்குவார்கள். பிறகு பாட்டரியை மாற்றுவார்கள். பல நேரங்களில் குற்றவாளி அந்தச் சின்ன சுவிட்சுதான்.

குடத்தில் பிடிக்கும் களிம்பு

பித்தளைக் குடத்தில் பச்சையாகக் களிம்பு பிடிக்கிறது அல்லவா? சுவிட்சுக்குள் இருக்கும் செம்பு, பித்தளைத் தகடுகளிலும் அப்படித்தான் பிடிக்கிறது. மழையும் கடல் காற்றும் அதை வளர்க்கும். களிம்பு மின்சாரத்தை மறிக்கும்.

'என்பீல்டு இந்தியா' கம்பெனி 1955-ம் ஆண்டு சென்னையில் தோன்றியது. திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட்டுகள் பலவற்றில் 6 வோல்ட் மின்சாரம்தான். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதில் 1 வோல்ட் குறைந்தால் தெரியாது. ஆறில் ஒன்று குறைந்தால்? விளக்கு மங்கும். ஹாரன் முனகும்.

சுத்தம் செய்வது எப்படி?

முதலில் பாட்டரி ஒயரைக் கழற்றுங்கள். கீழே வெள்ளைத் துணி விரியுங்கள். சுவிட்சைத் திறந்ததும் சின்ன ஸ்பிரிங் துள்ளி ஓடும். துணி இல்லாவிட்டால் அதைத் தேடியே பொழுது போய்விடும்!

எந்த ஒயர் எங்கே இருக்கிறது என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மின் இணைப்புகளைச் சுத்தம் செய்வதற்கென்றே கடைகளில் ஸ்பிரே விற்கிறார்கள். அதை அடித்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். போகாத களிம்பைப் பென்சில் ரப்பரால் அழியுங்கள். முரட்டு உப்புத்தாள் கூடாது. அது தகட்டையே தின்றுவிடும். குடத்துக்குப் புளி நல்லது, சுவிட்சுக்கு ஆகாது. புளிப்பு உள்ளே தங்கினால் மறுபடியும் அரிக்கும்.

ஒயர் முனைகளையும் பாருங்கள். இற்றுப் போயிருந்தால் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். ஈரம் காய்ந்த பிறகு, தகடுகளில் துளி வாசலின் தடவி மூடுங்கள்.

மழைக்கு முன்பே...

ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்காலத்துக்கு முன் இதைச் செய்தால் போதும். வண்டி கழுவும்போது சுவிட்சின் மேல் தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள்.

வேலை முடிந்ததா? இருட்டியதும் வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு 'டிம்' சுவிட்சைப் பத்து முறை மாற்றிப் பாருங்கள். பத்து முறையும் வெளிச்சம் ஏறி இறங்க வேண்டும். ஒரு முறை தவறினாலும் மறுபடியும் திறந்து பாருங்கள். தவறும் அந்த ஒரு முறை, லாரிக்கு எதிரே வரக்கூடாது.