பாக்கும் பினாங்கும்

"எங்களுக்கே ஆங்கிலம் தெரியாது, பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?" என்று தோட்டத்துத் தாய்மார் பலர் கேட்கின்றனர். தமிழ் தெரிந்தால் போதும், முதற்பாடத்திற்கு நீங்களே உதவலாம்.

நம் பெயர்ச்சொல்லைத்தான் ஆங்கிலத்தில் 'நவுன்' என்கின்றனர். ஆள், இடம், பொருள், குணம் முதலியவற்றின் பெயரே அது.

மலாய் மொழியில் 'பினாங்' என்றால் பாக்கு. எல்லாப் பாக்குக்கும் அது பொதுப்பெயர். ஒரு தீவுக்கு வைத்ததும் அது சிறப்புப்பெயர் ஆயிற்று. சிறப்புப்பெயர் வாக்கியத்தின் நடுவில் வந்தாலும், ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக எழுத வேண்டும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் இல்லை. நம் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான்.

ஜார்ஜ் டவுனில் 'லைட் ஸ்திரீட்' இருக்கிறது. விளக்கு என்னும் பொருளில் 'லைட்' பொதுப்பெயர். சிறிய எழுத்துப் போதும். தெருவின் பெயரோ, 1786-இல் இத்தீவில் வந்திறங்கிய பிரான்சிஸ் லைட் என்பவருடையது. ஆகவே பெரிய எழுத்து. சந்தையைக் குறிக்கும் 'மார்க்கெட்' பொதுப்பெயர். நாம் கடைத்தெரு என்றழைக்கும் 'மார்க்கெட் ஸ்திரீட்' சிறப்புப்பெயர். கிழமை, மாதப் பெயர்களுக்கும் பெரிய எழுத்தே.

இன்றிரவு பிள்ளையின் ஆங்கிலப் புத்தகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். ஒரு சொல்லைத் தொட்டு, தமிழிலேயே இரண்டு கேள்வி கேளுங்கள்: "இது எதற்காவது பெயரா? பெயரென்றால், பலவற்றுக்குப் பொதுவா, ஒன்றுக்கே உரியதா?"

விடை சொல்லும் பிள்ளைக்கு இலக்கணம் வந்துவிட்டது; கேட்ட உங்களுக்கும்தான்.