பெண்ணின் உடல், பெண்ணின் முடிவு – 17: ஆபரேஷனா, வளையமா?

கர்ப்பப்பை இறக்கம் எதனால் வருகிறது என்று சென்ற வாரம் எழுதியதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் கேட்டன. "ஆபரேஷன் பண்ணச் சொல்றாங்க. வேற வழியே இல்லையா?" சில கடிதங்களை மகள்களும் மருமகள்களும் எழுதியிருந்தார்கள். "அம்மாவுக்கு 65 ஆகுது. இனிமே கர்ப்பப்பை எதுக்கு டாக்டர்? எடுத்துட்டா தொல்லை தீர்ந்துடும்ல?" புறநோயாளிப் பிரிவிலும் இதை அடிக்கடி கேட்கிறேன். அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனால் பழி தவறான இடத்தில் விழுகிறது.

இறக்கத்தில் கர்ப்பப்பை செய்த குற்றம் ஒன்றுமில்லை. அதைத் தாங்கிப் பிடித்திருந்த இடுப்புத்தளத் தசைகளும் தசைநார்களும்தான் தளர்ந்துபோயிருக்கின்றன. தூளித் துணி நைந்து தாழ்ந்தால் உள்ளே படுத்திருக்கும் பிள்ளையையா குறை சொல்வோம்? பல பெண்களுக்குக் கர்ப்பப்பை கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கும். யோனியின் முன்பக்கச் சுவர் தளர்ந்து சிறுநீர்ப்பை சரிந்திருக்கும். அல்லது பின்பக்கச் சுவர் வழியாக மலக்குடல் பிதுங்கியிருக்கும். கர்ப்பப்பையை எடுத்த பிறகும், யோனியின் மேல்முனை கீழே இறங்கி வருவது உண்டு. எடுப்பது ஒரு வேலை, தாங்குவதைச் சரிசெய்வது வேறொரு வேலை. தேவையில்லாமல் கர்ப்பப்பையை அகற்றுவதைத் தடுக்க மத்திய அரசு வகுத்த வழிகாட்டு நெறிமுறைகளை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்தும்படி, 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. "வயசாயிடுச்சு, இனிமே எதுக்கு" என்ற பேச்சுக்கு அவ்வளவு நீளமான கை இருக்கிறது.

சரி, எப்படி முடிவெடுப்பது? எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை அளக்க 1996 முதல் உலகம் முழுவதும் பயன்படும் ஓர் அளவுமுறை இருக்கிறது. யோனி வாயிலின் விளிம்பை அடையாளமாக வைத்து, இறங்கிய பகுதி அதற்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உள்ளேயே நின்றால் முதல் நிலை. விளிம்பையொட்டி ஒரு சென்டிமீட்டர் உள்ளேயோ வெளியேயோ இருந்தால் இரண்டாம் நிலை. அதையும் தாண்டினால் மூன்றாம் நிலை. முழுவதும் வெளியே வந்துவிட்டால் நான்காம் நிலை. இந்த எண்ணைக் கேட்டதுமே பெண்கள் பயந்துவிடுகிறார்கள். எண் ஆபரேஷனைத் தீர்மானிப்பதில்லை. இரண்டாம் நிலையில் இருக்கும் ஒருவர் நாள் முழுக்கக் கீழே பாரம் இழுக்கிறது என்று தவிப்பார். மூன்றாம் நிலையில் இருக்கும் இன்னொருவர், "அதுபாட்டுக்கு இருக்கு, எனக்கு ஒண்ணும் பண்ணலை" என்பார். அவருக்கு ஆபரேஷன் தேவையில்லை. வருடம் ஒருமுறை வந்து காட்டிவிட்டுப் போனால் போதும். இது உயிருக்கு ஆபத்தான நோய் அன்று. அளவுகோல் அவர் படும் அவஸ்தைதான்.

காத்திருக்கக் கூடாத சில நிலைமைகள் உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டால் அதற்கு இறக்கத்தைக் காரணம் காட்டி விட்டுவிடக் கூடாது, உடனே பரிசோதிக்க வேண்டும். சிறுநீர் முழுமையாக வெளியேறாமல் தேங்கினாலும், அடிக்கடி நீர்க்கடுப்பு வந்தாலும், வெளியே தள்ளிய சதையில் புண் வந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். முழுவதும் வெளியே வந்த இறக்கத்தில் சிறுநீர்க் குழாய்கள் நெருக்கப்பட்டு சிறுநீரகம் வீங்கவும் கூடும். ஒரு ஸ்கேனில் தெரிந்துவிடும்.

இவை இல்லையென்றால் முதலில் பயிற்சி. வாயு பிரியாமல் அடக்குவீர்களே, அதே இடத்தை இறுக்கி, உள்ளே மேல்நோக்கித் தூக்குவது. முடிந்த அளவு, பத்து விநாடி வரை பிடித்து, விட்டு, மறுபடியும். ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. சொல்ல எளிது. செய்துகாட்டச் சொன்னால் பலர் மூச்சை அடக்கி, தொடையையும் பிட்டத்தையும் இறுக்கி, தசையைத் தூக்குவதற்குப் பதிலாகக் கீழ்நோக்கி முக்குகிறார்கள். முக்கினால் இறக்கம் கூடும். அதனால் ஒரு பிசியோதெரபிஸ்டோ மருத்துவரோ கைவிரலால் சோதித்து, சரியான தசை வேலை செய்கிறதா என்று ஒருமுறையாவது சொல்ல வேண்டும். சிறுநீர் கழிக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பழகுவதும் வேண்டாம். இருமுவதற்கு முன், தும்முவதற்கு முன், குடத்தைத் தூக்குவதற்கு முன் அந்தத் தசையை இறுக்கிக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இது வெறும் ஆறுதல் வைத்தியம் இல்லை. 2014-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வில் 447 பெண்கள் கலந்துகொண்டார்கள்; பிசியோதெரபிஸ்டிடம் 16 வாரங்களில் ஐந்து முறை போய்ப் பயிற்சி பெற்றவர்களுக்கு, ஒரு வருடம் கழித்தும் தொந்தரவுகள் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தன. முதல் இரண்டு நிலைகளுக்குக் குறைந்தது 16 வாரப் பயிற்சியைத்தான் பிரிட்டனின் வழிகாட்டுதலும் பரிந்துரைக்கிறது. நம் ஊரில் 16 வாரம் பொறுமையாகச் செய்து பார்க்கச் சொல்லி அனுப்பப்படும் பெண்கள் குறைவு என்பது என் மனக்குறை. வெளியே முழுதாக வந்துவிட்ட இறக்கத்தைப் பயிற்சி உள்ளே கொண்டுபோகாது. அதையும் சொல்லிவிட வேண்டும். கூடவே மலச்சிக்கலையும் நாள்பட்ட இருமலையும் சரிசெய்யாவிட்டால் பயிற்சி, வளையம், ஆபரேஷன் எதுவும் நிலைக்காது.

அடுத்தது வளையம். பெசரி என்று பெயர். "ரிங்" என்றால் எல்லோருக்கும் புரியும். வளையும் சிலிக்கோன் வளையம். முதலில் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வோம். விரலால் உள்ளளவைப் பார்த்து, வளையத்தை மடித்து உள்ளே வைத்து, சுற்றிலும் விரல் நுழைய இடம் இருக்கிறதா என்று பார்ப்போம். பிறகு இருமச் சொல்வோம், நடக்கச் சொல்வோம், குத்துக்காலிட்டு உட்கார்ந்து முக்கச் சொல்வோம், கழிப்பறைக்குப் போய் மறுபடி சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வோம். அதற்குள் நழுவி விழுந்தால் அடுத்த அளவு. வலித்தால் சிறிய அளவு. சரியான அளவு என்றால் உள்ளே ஒன்று இருப்பதே தெரியாது. நிமிர்ந்து உட்கார்ந்து, "டாக்டரம்மா, இதை முன்னாடியே யாரும் சொல்லலையே" என்பவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது, அவர்கள் மேல் அல்ல.

கழற்றிக் கழுவி மாட்டிக்கொள்ளப் பலரால் முடியும், நாங்களே கற்றுத்தருவோம். முடியாதவர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை, அதிகபட்சம் ஆறு மாதத்துக்குள், மருத்துவமனைக்கு வந்தாக வேண்டும். போட்டுவிட்டு மறந்துபோன வளையம் சதையை அரித்துப் புண்ணாக்கும். வெள்ளைப்படுதலும் நாற்றமும் சிலருக்கு வரும். மாதவிடாய் நின்று உள்சதை மெலிந்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கிரீம் உதவும். தரையோடு இருக்கும் கழிப்பறையில் உட்கார்ந்து முக்குகிறவர்களுக்கு வளையம் வெளியே வந்துவிடுவதும் உண்டு. அதற்கும் மலச்சிக்கலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வளையமும் ஆபரேஷனும் நேருக்கு நேர் நின்றால்? நெதர்லாந்தில் இரண்டாம் நிலையும் அதற்கு மேலும் உள்ள 440 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி இரண்டு வருடம் தொடர்ந்தார்கள். 2022-ல் வெளிவந்த முடிவின்படி, நன்றாகத் தேறினோம் என்று சொன்னவர்கள் ஆபரேஷன் பிரிவில் 81.5 சதவீதம், வளையப் பிரிவில் 76.3 சதவீதம். வளையத்தில் தொடங்கியவர்களில் 54 சதவீதம் பேர் இரண்டு வருடத்துக்குள் ஆபரேஷனுக்கு மாறிக்கொண்டார்கள். ஆபரேஷன்தான் சற்று மேல் என்று இதைப் படிக்கலாம், அது சரிதான். சிகிச்சை கேட்டு வந்து வளையத்தில் தொடங்கிய பெண்களில் கிட்டத்தட்ட பாதிப்பேர் அந்த இரண்டு வருடத்தில் ஆபரேஷனுக்குப் போகவில்லை என்பதும் அதே கணக்கில் இருக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிகிறது, ஏனென்றால் அந்த வாய்ப்பு இங்கே பலருக்குக் காட்டப்படுவதே இல்லை.

ஆபரேஷனை நான் குறைத்துப் பேசவில்லை. பயிற்சியும் வளையமும் சரிப்படாமல், நடக்கவும் வேலை செய்யவும் முடியாமல் தவிப்பவருக்கு அது பெரிய விடுதலை. ஆனால் "ஆபரேஷன்" என்பது ஒரே ஒரு ஆபரேஷன் அன்று. கர்ப்பப்பையை அடிவழியாக எடுத்து, முன்-பின் சுவர்களைத் தைத்துச் சரிசெய்வது நம் ஊரில் அதிகம் நடப்பது. கர்ப்பப்பையை எடுக்காமலே இடுப்பெலும்புப் பக்கத் தசைநாரோடு சேர்த்துத் தைக்கலாம். 208 பெண்களிடம் செய்த ஒரு டச்சு ஆய்வில் ஒரு வருட முடிவில் இது எடுப்பதற்குக் குறைந்ததாக இல்லை. பிள்ளை பெற வேண்டிய இளம்பெண்களுக்காகவே மும்பை மருத்துவர்கள் ஷிரோத்கரும் புரந்தரேயும் கர்ப்பப்பையைத் தூக்கிக் கட்டும் முறைகளை வகுத்தார்கள். ஆனாலும் குடும்பம் முடியும்வரை தள்ளிப்போட முடிந்தால் நல்லது. மிகவும் மூத்த, இதய நோயுள்ள, இனி தாம்பத்தியம் வேண்டாம் என்று தானே சொல்கிற பெண்ணுக்கு யோனியை மூடித் தைக்கும் சிறு ஆபரேஷன் உண்டு. அதைப் பெண்ணிடமே கேட்க வேண்டும், மகனிடம் அல்ல.

யோனி வழியாகச் செயற்கை வலை (மெஷ்) வைத்துச் சரிசெய்யும் முறையில் வலியும் வலை வெளியே அரித்து வருவதும் பல நாடுகளில் பெண்களைப் படுத்தின. 2019 ஏப்ரலில் அமெரிக்காவில் இறக்கத்துக்கான அந்த வலைகளின் விற்பனையை நிறுத்த உத்தரவிட்டார்கள். உங்களுக்கு வலை வைக்கப்போகிறார்களா, எந்த வழியாக, என்று கேட்பது உங்கள் உரிமை. மறுபடி இறங்குமா என்றும் கேளுங்கள். அமெரிக்காவில் 1997-ல் வந்த கணக்கு ஒன்று: இறக்கத்துக்கோ சிறுநீர்க் கசிவுக்கோ ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 29 சதவீதம் பேருக்கு அது முதல் ஆபரேஷன் அன்று. இறக்கம் சரியானதும், அதுவரை மடங்கிக் கிடந்த, சிறுநீர் வெளியேறும் குழாய் நேராகிப் புதிதாகச் சிறுநீர் கசிவதும் உண்டு.

இதெல்லாம் மருத்துவக் கணக்கு. வாழ்க்கைக் கணக்கு வேறு. செங்கல்பட்டு வட்டாரத்தில் 1981 முதல் பெண்களோடு வேலை செய்துவரும் ரூவ்செக் அமைப்பு, அடி தள்ளலோடு, அதாவது இறக்கத்தோடு, வாழும் கிராமத்துப் பெண்கள் சொன்னதை அவர்கள் வாயாலேயே கேட்டுப் பதிவு செய்திருக்கிறது. நடவும் களையெடுப்பும் தண்ணீர்க் குடமும் உள்ள வாழ்க்கையில் ஆபரேஷனுக்குப் பிந்தைய ஆறு வாரம் யாருடைய பொறுப்பு? குறைந்தது அவ்வளவு நாள் கனமாக எதையும் தூக்கக் கூடாது. மருத்துவமனைச் செலவைப் பேசி முடித்துவிட்டு வரும் குடும்பங்கள் இதைப் பேசாமலே வருகின்றன. நான்காம் நாள் வீட்டுக்குப் போய், ஏழாம் நாள் குடம் தூக்கி, தையல் விட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் தேதி குறிப்பதற்கு முன் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துத் தண்ணீர் யார், மாடு யார், சமையல் யார் என்று கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். கணவர்தான் முதல் ஆள். அறுவடை முடியட்டும், பேத்தியின் பரீட்சை முடியட்டும் என்றால் அதுவும் சரியே. அவசரமில்லாத இறக்கம் காத்திருக்கும். அதுவரை வளையத்தைப் போட்டுக்கொண்டு நடமாடலாம். போட்டுப் பார்த்த பிறகு இதுவே போதும் என்று தோன்றினால், தேதியை ரத்து செய்யச் சொல்லி ஒரு போன் செய்தால் போதும்.

(தொடரும்)