குழந்தைகளுக்குப் பல் முளைத்தல்

பல் முளைத்தல் என்பது குழந்தையின் பாற்பற்கள் ஈறுகளைத் துளைத்துக்கொண்டு வெளிவரும் இயல்பான வளர்ச்சி நிலை ஆகும். பெரும்பாலும் 6 மாத அளவில் கீழ்த்தாடையின் நடு வெட்டுப்பற்கள் முதலில் தோன்றும். ஏறத்தாழ 3 வயதிற்குள் 20 பாற்பற்களும் முளைத்துவிடும். முதற்பல் ஓராண்டு வரை தாமதமாவதும் உண்டு.

அறிகுறிகள்

ஈறு வீங்குதல், வாயில் நீர் வடிதல், கையில் கிடைத்ததைக் கடித்தல், காதைத் தேய்த்தல், சிணுங்கல், திட உணவில் விருப்பம் குறைதல் ஆகியன காணப்படலாம். ஐக்கிய அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நிகழ்ந்த ஆய்வொன்று, 475 பற்கள் முளைத்தமையைப் பதிவு செய்து 2000ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. பல் வெளிவருவதற்கு 4 நாட்கள் முன்பிருந்து 3 நாட்கள் பின்பு வரையே இவ்வறிகுறிகள் மிகுதியாக இருந்தன என அது காட்டியது. உடல் வெப்பநிலை சிறிது உயரக்கூடும். ஆனால் கடுங்காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, இருமல் ஆகியவற்றுக்கும் பல்லுக்கும் தொடர்பு காணப்படவில்லை.

வயிற்றுப்போக்கு பற்றிய தவறான நம்பிக்கை

"பல் முளைக்கும்போது வயிறு போகும்" என்பது தமிழ்நாட்டில் பரவலாக உள்ள கருத்தாகும். இதற்கு வேறு விளக்கம் உண்டு. 6 மாத அளவில் தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பு ஆற்றல் குறைகிறது; இணை உணவு தொடங்குகிறது; குழந்தை தவழ்ந்து, தரையில் கிடப்பவற்றை வாயில் வைக்கிறது. கிருமிகள் புகுவதும் பல் வருவதும் ஒரே பருவத்தில் நிகழ்வதால் ஒன்று மற்றொன்றின் காரணமாகத் தோன்றுகிறது.

இத்தவறு உயிருக்கே கேடாகலாம். 2024 டிசம்பரில், பம்மலை அடுத்துள்ள பல்லாவரத்தில் பலருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்பட்டன, உயிரிழப்புகளும் நிகழ்ந்தன. குடிநீர் மாசடைந்திருக்கலாம் என ஐயுறப்பட்டது. இத்தகைய காலத்தில் கைக்குழந்தையின் வயிற்றுப்போக்கைப் பல்லின் மீது ஏற்றிக் காத்திருந்தால், உடலின் நீர்ச்சத்து சில மணி நேரத்திலேயே வற்றிவிடக்கூடும். தாய்ப்பாலை நிறுத்தாமல் ஓ.ஆர்.எஸ். கரைசலும், மருத்துவர் கூறும் அளவில் 14 நாட்களுக்குத் துத்தநாக மாத்திரையும் கொடுக்கப்பட வேண்டும். இவை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. உச்சிக்குழி அல்லது கண் குழிதல், சிறுநீர் குறைதல், பால் குடிக்க மறுத்தல், சோர்ந்து கிடத்தல், மலத்தில் இரத்தம் ஆகியன இருப்பின் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வீட்டில் ஆற்றும் முறைகள்

நன்கு கழுவிய விரலால் ஈற்றை மெல்லத் தேய்த்துவிடுதல் எளிய முறையாகும். தூய ஈரத்துணியைக் குளிர்பதனப் பெட்டியில் குளிரவைத்து, பெரியவர் பிடித்துக்கொண்டு கடிக்கக் கொடுக்கலாம். உறையவைத்த பொருள் ஈற்றைப் புண்ணாக்கும். நீர்மம் நிரம்பிய கடிவளையம் உடையக்கூடும் என்பதால் திண்மமான இரப்பர் வளையமே ஏற்றது. வடியும் எச்சிலை அவ்வப்போது ஒற்றி எடுத்தால் முகவாயில் தடிப்பு வராது. வலி மிகுந்தால் எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் தரலாம். அளவை மருத்துவரே கூற வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

வசம்பு தமிழகத்தில் "பிள்ளை வளர்ப்பான்" எனப் போற்றப்படுவது. அதைச் சுட்டு உரைத்து நாவில் தடவுவதும், வளையலாகக் கோத்துக் குழந்தையின் கையில் அணிவிப்பதும் வழக்கம். குழந்தை அவ்வளையலைக் கடிக்கும்போது துண்டுகள் தொண்டையில் சிக்கலாம். வசம்பிலுள்ள பீட்டா-அசரோன் எனும் வேதிப்பொருள் காரணமாக, 1968இல் ஐக்கிய அமெரிக்கா அதனை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் தடவுதல் பொட்டுலிசம் எனும் நச்சு நோயைத் தரலாம். மரக்கச் செய்யும் பென்சோகெயின் களிம்பு இரத்தத்தின் உயிர்வளி சுமக்கும் திறனைக் குறைக்கக்கூடியது. 2 வயதிற்குட்பட்டோருக்கு அதைப் பயன்படுத்தலாகாது என ஐக்கிய அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018இல் அறிவுறுத்தியது.

வரலாறு

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் இறப்புப் பதிவேடுகளில் பல் முளைத்தலே இறப்பின் காரணமாக எழுதப்பட்டது. ஈற்றைக் கத்தியால் கீறும் வழக்கமும் இருந்தது. பிற்காலத்தில் விற்கப்பட்ட பல் பொடிகளில் கலோமெல் எனும் பாதரச உப்பு கலந்திருந்தது. கைகால்கள் சிவந்து வலிக்கும் "இளஞ்சிவப்பு நோய்" பல குழந்தைகளைத் தாக்கியது. இந்நோய்க்கும் பாதரசத்திற்கும் உள்ள தொடர்பை வார்க்கனி, ஹப்பர்டு ஆகியோர் 1948இல் எடுத்துக்காட்டினர். 1954ஆம் ஆண்டளவில் பிரித்தானியாவில் அப்பொடிகள் கைவிடப்பட்ட பின் நோயும் அரிதாயிற்று.

பண்பாட்டில்

முதற்பல் தோன்றியதும் பல்லுக் கொழுக்கட்டை அவித்துக் கொண்டாடும் வழக்கம் தமிழரிடையே, குறிப்பாக யாழ்ப்பாணத்தில் உள்ளது. பல் போல் நறுக்கிய தேங்காய்ச் சொட்டு கொழுக்கட்டையில் பதிக்கப்படும். குழந்தையின் முன் புத்தகம், எழுதுகோல், நகை முதலியவற்றைப் பரப்பி, எதை எடுக்கிறது எனப் பார்ப்பர். ஆர்மேனியரிடமும் இதையொத்த சடங்கு உண்டு.